பிறந்தநாளுக்கு யாரை அழைத்தீர்கள்?

“எங்க பிள்ளைக்குச் சாதின்னா என்னன்னே தெரியாதுங்க.”

வெளிநாட்டில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரிடம் சாதியைப் பற்றிப் பேச்செடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் இந்த வாக்கியம் வந்துவிடும். பெருமையாகவே சொல்வார்கள். ஊரில் இருந்த அழுக்கையெல்லாம் மீனம்பாக்கத்திலேயே விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டோம், அடுத்த தலைமுறைக்கு அது ஒட்டவே இல்லை என்று இதற்குப் பொருள். சொல்பவர்களில் பலர் நல்லவர்கள், படித்தவர்கள். முகநூலில் பெரியார் படம் வைத்திருப்பவர்களும் உண்டு.

அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குச் ‘சாதி’ என்ற சொல் தெரியாமல் இருக்கலாம். ஆனால் மூன்று வயதுக் குழந்தை இலக்கணம் என்ற சொல்லைத் தெரிந்துகொண்டா பேசுகிறது? யாரை ‘வந்தாரு’ என்று சொல்ல வேண்டும், யாரை ‘வந்தான்’ என்று சொன்னால் போதும் என்று யாரும் அதற்குப் பாடம் நடத்துவதில்லை. வீட்டுப் பெரியவர்கள் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்தே பிடித்துக்கொள்கிறது. சாதியையும் குழந்தைகள் இப்படித்தான் கற்கிறார்கள். வெளிநாட்டில் அதற்குத் தெருவும் இல்லை, ஊர்க்கிணறும் இல்லை, டீக்கடையும் இல்லை. மிஞ்சியிருப்பவை விசேஷங்கள். பிறந்தநாள், காதுகுத்து, மொட்டை, மஞ்சள் நீராட்டு, பொங்கல் விழா. சாதி கடல் கடந்து போய்த் தங்கியிருக்கும் இடம் இந்த வாடகை மண்டபங்கள்தான் என்பது என் கருத்து.

நான் சென்னையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆய்வுக்காக ஓராண்டு பிரிட்டனில் ஒரு நகரத்தில் இணையரோடும் ஐந்து வயது மகளோடும் இருக்க வேண்டியிருந்தது. (என் ஆய்வுக்கும் இந்தக் கட்டுரைக்கும் தொடர்பில்லை. நான் ஆவணக் காப்பகத்தில் பழைய காகிதம் புரட்டப் போன ஆள்.) அந்த ஓராண்டில் காப்பகத்தில் கண்டதைவிட அதிகமாகப் பிறந்தநாள் விழாக்களைக் கண்டேன். குழந்தையோடு வெளிநாடு போகிறவர்களுக்கு இது புரியும். தனி ஆளாகப் போனால் நூலகம், அறை, சமையல் என்று பொழுது போய்விடும். பிள்ளையோடு போனால் மற்ற பிள்ளைகளின் பெற்றோர்கள்தான் உங்கள் ஊர், உறவு எல்லாம். பள்ளிக்கூட வாசலில் மாலை மூன்றேகாலுக்குக் கூடுகிற அந்தச் சின்னக் கூட்டம்தான் உங்கள் சமூகம்.

அங்கே சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதையும் அழைப்பது பரவலான வழக்கம். ஒரு பிள்ளையை விட்டுவிட்டு இன்னொரு பிள்ளையை அழைத்தால் மனம் நோகும் என்று பள்ளிகளே சொல்லும். நம்மவர்களும் அதைத் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள். சனிக்கிழமை தேவாலயத்தின் கூடத்தையோ சமூகக் கூடத்தையோ இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுத்து, பீட்ஸாவும் ஜூஸும் கொடுத்து, வகுப்பிலுள்ள வெள்ளைக்காரப் பிள்ளை, கறுப்பினப் பிள்ளை, போலந்துப் பிள்ளை, பாகிஸ்தான் பிள்ளை எல்லோரையும் சமமாக உட்காரவைத்து, கையில் ரிட்டர்ன் கிஃப்ட்டும் கொடுத்து அனுப்புவார்கள். பார்க்க அழகாக இருக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு விழா நடக்கும். இதற்கு அழைப்பு பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வராது. ‘நம்ம ஃபேமிலி’, ‘நம்ம ஊர்க்காரங்க’ என்ற பெயரில் ஏற்கெனவே இருக்கும் வேறொரு குழுவில் வரும். பட்டுப்பாவாடை, வேட்டி, பிரியாணி, வாழை இலை என்று எல்லாம் அங்கேதான். ஊர் என்றால் எந்த ஊர் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழுவில் நாமக்கல்காரரும் இருந்தார், பொள்ளாச்சிக்காரரும் இருந்தார், கரூர்க்காரரும் இருந்தார். நாமக்கல்லிலேயே பிறந்து அதே நகரத்தில் மருத்துவமனையில் செவிலியராக இருந்த ஒருவர் மட்டும் இல்லை. ஊர்க்காரர் என்பதற்கு வரைபடத்தில் உள்ள ஊர் பொருளல்ல என்பது அப்போது விளங்கியது.

எங்களிடமும் ஒரு நாள் ஊர் விசாரிக்கப்பட்டது. வெளிநாட்டில் யாரும் நேராகச் சாதி கேட்பதில்லை, அதற்கு நாகரிகமான வழிகள் இருக்கின்றன. மாவட்டம் கேட்பார்கள், பிறகு தாலுகா, பிறகு “ஊர்ல எந்தப் பக்கம்?” அதிலும் பிடிபடாவிட்டால் “உங்க குலதெய்வம் எது?” என்பார்கள். குலதெய்வத்தைச் சொல்லிவிட்டால் வருவாய்த்துறைச் சான்றிதழே தேவையில்லை. மகளின் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் இந்த நான்கு கேள்விகளும் வரிசையாக வந்தன. என் இணையர் சுற்றி வளைக்காத ஆள். “நாங்க காலனிங்க” என்றார். தேநீர் தொடர்ந்தது. பிள்ளைகள் மாடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாட்டு முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்புதான். ஆனால் அந்தச் சொல்லை நாமே உச்சரித்தபோது ஐயாயிரம் மைல் தாண்டியும் அதற்கு அகராதி தேவைப்படவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தத் தோழிக்குப் பிறந்தநாள். சனிக்கிழமை விழாவுக்கு மகள் போனாள், கேக் சாப்பிட்டாள், கிஃப்ட் வாங்கி வந்தாள். திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வரும்போது வழியில் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பார்ட்டி இருந்ததாம், வகுப்பில் இருக்கிற மற்ற மூன்று தமிழ்ப் பிள்ளைகளும் போனார்களாம். “அது தமிழ் பார்ட்டியாம். நானும் தமிழ்தானே?”

இது சாதியால்தான் நடந்தது என்று என்னால் எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது. இடம் பற்றாக்குறை என்றோ, நெருங்கிய உறவினருக்கு மட்டும் என்றோ சொல்லிவிடலாம். ஐந்து வயதுப் பிள்ளையை ஏன் பிறந்தநாளுக்கு அழைக்கவில்லை என்று சண்டைக்குப் போகவும் முடியாது, போனால் நாம்தான் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறவர்கள். ஆனால் இங்கே என் மகளைப் பற்றி மட்டும் யோசிக்க வேண்டாம். விழா வைத்த வீட்டுக் குழந்தையை எண்ணிப் பாருங்கள். அவளுக்கு நெருங்கிய தோழி யார் என்று கேட்டால் என் மகளின் பெயரைச் சொல்லக்கூடியவள். தன் பிறந்தநாளுக்கு அந்தத் தோழி வரவில்லையே என்று அவளும் வீட்டில் கேட்டிருப்பாள். ஏதோ ஒரு பதில் கிடைத்திருக்கும். அந்தப் பதிலில் ‘சாதி’ என்ற சொல் நிச்சயம் இருந்திருக்காது. அவளுடைய பெற்றோர் நாளை யாரிடமும் தைரியமாகச் சொல்லலாம்: எங்க பிள்ளைக்குச் சாதின்னா என்னன்னே தெரியாது.

அம்பேத்கர் 1916 மே மாதம் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையை வாசித்தபோது அவருக்கு வயது 25. சாதியின் உயிர்நாடி அகமணம் என்று அதில் நிறுவினார். இந்துக்கள் வெளிநாடுகளுக்குக் குடிபெயர்ந்தால் சாதி உலகப் பிரச்சினையாகும் என்ற கேட்கரின் கணிப்பையும் எடுத்துக்காட்டினார். இந்த இரண்டாவது செய்தியை நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். அமெரிக்க மென்பொருள் நிறுவனங்களில் நடக்கும் பாகுபாடு, பல்கலைக்கழக விடுதியில் நடக்கும் ஒதுக்கல் என்று உதாரணம் காட்டுகிறோம். ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அகமணம் முப்பது வயதில் மேட்ரிமோனி தளத்தில் ஆரம்பிப்பதில்லை. ஐந்து வயதில் யாரோடு ஓடிப்பிடித்து விளையாடுகிறோம், யாரை மாமா, அத்தை என்று கூப்பிடுகிறோம், யாருடைய வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்காமல் நுழைகிறோம் என்பதில் ஆரம்பிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விழாவில் கலந்துகொண்ட பிள்ளைகள் இருபது ஆண்டு கழித்துத் ‘தற்செயலாக’ ஒருவரையொருவர் விரும்பக்கூடும். பெற்றோர்கள் அதைக் காதல் திருமணம் என்றே அறிவிப்பார்கள், அதில் பெருமைப்படவும் செய்வார்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானம் போட்டது. அதன் பலனை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும்போது விழிப்பதும் தமிழர்கள்தான், விசா அலுவலகத்தில் அப்பா பெயரால் அழைக்கப்பட்டுத் திரும்பிப் பார்க்காமல் நிற்பதும் தமிழர்கள்தான். அந்த அவஸ்தை எனக்குப் பிடித்தமானது. ஆனால் பெயரிலிருந்து போனது அழைப்புப் பட்டியலிலிருந்து போகவில்லை. பட்டம் இல்லாததால்தான் குலதெய்வம் வரைக்கும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

இனி ஊருக்கு வருவோம். வெளிநாட்டுக் குடும்பங்கள் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு ஊருக்கு வருவதில் பெரும்பகுதி ஒரு விசேஷத்தை ஒட்டியே இருக்கும். முதல் மொட்டை குலதெய்வக் கோயிலில்தான் போட வேண்டும், காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும் என்பதற்காக நான்கு பேருக்கு விமான டிக்கெட் எடுத்து வருகிறார்கள். கடன் வாங்கியும் வருகிறார்கள். தாத்தா பாட்டி பேரப்பிள்ளையைப் பார்க்க ஏங்கியிருப்பார்கள், அந்த ஏக்கத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அந்த நான்கு நாளில் பிள்ளை பார்ப்பது என்ன என்று யாராவது அதன் கண் உயரத்துக்குக் குனிந்து பார்த்ததுண்டா?

ஊர் எல்லையில் ஃபிளெக்ஸ் இருக்கும். அதில் குழந்தை கோட்டு சூட்டு போட்டுச் சிங்கத்தின் மேல் சாய்ந்து நிற்கும். பக்கத்தில் சாதித் தலைவர்களின் படங்கள். கீழே ‘லண்டன் வாழ்’ என்ற அடைமொழியோடு அப்பாவின் பெயரும், அங்கே போனால் விட்டுவிடுகிற பட்டமும் சேர்த்து அச்சாகியிருக்கும். ஆங்கிலத்தில் மட்டும் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த எழுத்து புரியாது. ஆனால் தன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மீசைக்காரத் தாத்தா யார் என்று கேட்கும். “நம்ம தாத்தா” என்று பதில் வரும். பங்காளிகள் ஒரு பக்கம், மாமன் மச்சான் ஒரு பக்கம் என்று தட்டு வரிசை வரும். யார் எந்த முறை என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்: இவங்க சித்தப்பா, இவங்க அத்தை, இவரு உனக்கு மாமா முறை. அந்த முறைக்குள் வராதவர்கள் அந்த இடத்தில் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

மொட்டை போடுகிறவர் வருவார். தன் மடிக்குப் பக்கத்தில் குழந்தையின் தலையைப் பிடித்துத் தண்ணீர் தடவி, அது அழாமல் இருக்க ஏதோ பாட்டுப் பாடி, ஒரு கீறல் இல்லாமல் வேலையை முடிப்பார். குழந்தையை அந்த நாளில் மிக மென்மையாகத் தொட்டவர் அவராகத்தான் இருக்கும். அவருக்குரியதைத் தட்டில் வைத்துத் தருவார்கள். பறையடிக்கிறவர்கள் கோயில் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். அடி கேட்டதும் குழந்தை துள்ளும், கைதட்டும், எல்லோரும் அதை வீடியோ எடுப்பார்கள். பறையடித்தவர்களுக்கு எந்த நேரத்தில், எங்கே இலை போடப்பட்டது என்பது எந்த வீடியோவிலும் இருக்காது. குழந்தை அதையும் பார்த்திருக்கும்.

எனக்கு இவற்றில் மிகவும் கொடுமையாகத் தோன்றுவது கூப்பிடும் முறை. தென்னந்தோப்பில் வேலை பார்க்கும் அறுபது வயதுக்காரரை வீட்டில் எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ‘வாடா போடா’ என்கிறார்கள். நான்கு நாளில் அந்த ஆறு வயதுப் பிள்ளையும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். யாராவது எடுத்துச் சொன்னால், “அங்கெல்லாம் டீச்சரையே பேர் சொல்லித்தாங்க கூப்பிடுவாங்க, அதே பழக்கம்” என்று சிரிப்பார்கள். அப்படியானால் அதே பிள்ளை பெரியப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது ஏன் அதட்டினீர்கள்? “பெரியப்பான்னு சொல்லணும்” என்று திருத்தியபோது அந்தப் பிள்ளை ஒரு விதியைக் கற்றது. தோப்புக்காரரின் பெயரைச் சொன்னபோது யாரும் திருத்தாததிலிருந்து இன்னொரு விதியைக் கற்றது.

இப்படி ஊரில் கற்றுக்கொண்டதும் வெளிநாட்டு வீட்டில் நடப்பதும் சேர்ந்தால் எங்கே போய் முடியும் என்பதற்குப் பிரிட்டனிலேயே ஒரு வழக்கு உண்டு. இந்திய வம்சாவளிக் குடும்பம் ஒன்று பீகாரிலிருந்து ஓர் ஆதிவாசிப் பெண்ணை வீட்டு வேலைக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் மில்டன் கீன்ஸ் நகரத்துக்கு அழைத்துப் போனது. 2008 முதல் 2012 வரை வாரம் ஏழு நாளும், நாளுக்கு 18 மணி நேரம் வேலை. மணிக்கு 11 பென்ஸ் கூலி. படுக்கத் தரையில் ஒரு மெத்தை. அவருடைய பைபிளைக்கூட உடன் கொண்டுவர விடவில்லை. 2015 செப்டம்பரில் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் அவருக்குச் சேர வேண்டிய குறைந்தபட்சக் கூலி பாக்கி மட்டுமே 1,83,773 பவுண்ட் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே வழக்கில், சாதி சில நேரங்களில் இனப் பூர்வீகம் என்ற வரையறைக்குள் வரலாம் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. இந்த வழக்கைச் சட்டக் கோணத்தில் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. அந்த வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். தங்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்த பெண் தரையில் படுத்திருப்பதை நான்கரை ஆண்டு பார்த்தார்கள். அவர்களுக்கும் சாதி என்ற சொல் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பிரிட்டனில் நிலைமை இதுதான்: சாதியைச் சமத்துவச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் அரசுக்குக் கடமை விதித்தது. 2018 ஜூலையில் அரசு அதைக் கைகழுவியது, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்றது. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை போட்டது. அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் அக்டோபரில் நிராகரித்தார். இந்த விவாதங்களில் எதிர்த்தரப்பு அடிக்கடி முன்னால் நிறுத்துவது யாரை என்று கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். தங்கள் குழந்தைகளை! கலிஃபோர்னியாவில் 2005இலும் பிறகு 2016இலும் ஆறாம் வகுப்புப் பாடநூல்களில் சாதியைப் பற்றிய பகுதிகளை மாற்றச் சொல்லி இந்துத்துவச் சார்பு அமைப்புகள் போராடின. வகுப்பில் இதைப் படித்தால் எங்கள் பிள்ளைகள் கூனிக் குறுகுகிறார்கள், கேலிக்கு ஆளாகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ஒரு பிள்ளை கேலிக்கு ஆளானால் அது தவறுதான், அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் அதே வகுப்பில் இன்னொரு பிள்ளை உட்கார்ந்திருக்கக்கூடும். வீட்டில் அம்மா அப்பா “வெளியில யார்கிட்டயும் சொல்லாதே” என்று சொல்லி அனுப்பிய பிள்ளை. சாதி பற்றிய பாடம் நடக்கும்போது கூனிக் குறுகுகிற அந்தப் பிள்ளையின் முதுகு யார் கணக்கிலும் வருவதில்லை. டொரண்டோ பள்ளி வாரியம் 2023 மார்ச்சில் பள்ளிகளில் சாதிப் பாகுபாடு இருப்பதை ஏற்றுக்கொண்டு, அதைக் கையாளும் வழிமுறையை வகுக்க ஒன்ராறியோ மனித உரிமை ஆணையத்தின் உதவியைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. அதைக் கொண்டுவந்தவர் யாழினி ராஜகுலசிங்கம் என்ற தமிழ் உறுப்பினர். புலம்பெயர் தமிழ்ச் சமூகம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்க வேண்டிய செய்தி அது. எத்தனை தமிழ்ச் சங்க விழாக்களில் அதைப் பற்றிப் பேசினார்கள்?

குழந்தைகளிடம் சாதியைப் பற்றிப் பேசக் கூடாது, அது அவர்களின் கள்ளமற்ற மனதைக் கெடுத்துவிடும் என்று நினைக்கும் தோழர்கள் நம்மிடையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 1901இல் நடந்த ஒரு கோடை விடுமுறைப் பயணத்தை நினைவூட்டுகிறேன். அம்பேத்கர் தன் வாழ்வில் பட்ட தீண்டாமை அனுபவங்களைப் பின்னாளில் எழுதியபோது அதற்கு ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். அதில் முதல் அனுபவமே ஒரு குடும்பப் பயணம். சதாராவில் இருந்த பிள்ளைகள், கோரேகாவில் காசாளராக இருந்த அப்பாவைப் பார்க்க விடுமுறைக்குக் கிளம்புகிறார்கள். அதுவரை ரயிலே ஏறாதவர்கள். புதுச் சட்டை, மணி பதித்த தொப்பி, பட்டுக்கரை வேட்டி, புதுச் செருப்பு எல்லாம் வாங்கியாயிற்று. மசூர் நிலையத்தில் இறங்கினால் அழைத்துப்போக ஆளில்லை. அப்பாவுக்குக் கடிதம் போய்ச் சேரவில்லை. நன்றாக உடுத்திய பிள்ளைகளைப் பார்த்து அன்பாக விசாரித்த நிலைய அதிகாரி, அவர்கள் மகர்கள் என்று தெரிந்ததும் மாறிப்போனார். எந்த வண்டிக்காரரும் ஏற்றத் தயாரில்லை. இரட்டைக் கூலி தருகிறோம், வண்டியை நாங்களே ஓட்டிக்கொள்கிறோம் என்ற பிறகே ஒருவர் இசைந்தார். கூடையில் சாப்பாடு இருந்தது, ஆனால் குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. இரவு முழுக்கப் பட்டினி.

அப்போது அவருக்குப் பத்து வயது. தீண்டாமை என்ற ஒன்று இருப்பது அவருக்கு முன்பே தெரியும், பள்ளியில் தனிக் கோணியில் உட்கார்ந்தவர்தான். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு ‘சாதி தெரியாத’ வயது என்று ஒன்று வாய்ப்பதில்லை. கள்ளமற்ற பருவத்தை நீட்டித்துத் தரும் வசதி ஒரு பக்கத்துப் பெற்றோருக்கு மட்டும்தான் இருக்கிறது. 1913இல் அவர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியபோது வீட்டில் ரமாபாயும் பிறந்து ஏழெட்டு மாதமே ஆன யஷ்வந்தும் இருந்தார்கள். பரோடா மன்னரின் மாத உதவித்தொகை பதினொன்றரை பவுண்ட். குடும்பத்தோடு போவது என்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். ஐந்து குழந்தைகளில் நான்கைச் சின்ன வயதிலேயே இழந்தார்கள் அந்தப் பெற்றோர். நம்மில் சிலர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு குடியேற்ற வரிசையில் நிற்கிறோம் என்றால், அது அந்த வீட்டில் நடக்காமல் போன பிறந்தநாள்களின் மேல் நின்று கிடைத்தது.

விசேஷமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. முற்போக்கு என்றால் கேக் வெட்டாமல் உம்மென்று இருப்பது என்ற எண்ணம் நம் தோழர்கள் சிலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் வேண்டும், பெரியவர்களுக்கும்தான் வேண்டும். கொண்டாட்டத்தின் வல்லமை சுயமரியாதை இயக்கத்துக்குத் தெரியும். 1932இல் ஐரோப்பா, சோவியத் பயணத்திலிருந்து திரும்பிய பெரியார், அவரிடம் பெயர் வைக்கக் கொண்டுவந்த குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெயர் வைத்தார். வெளிநாட்டுப் பயணத்திலிருந்து சாக்லேட்டுக்குப் பதில் பெயர் கொண்டுவந்த தாத்தா!

கடல் கடந்த மண்ணில் இதைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்திருக்கிறது. சிங்கப்பூரில் தமிழவேள் கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். தோட்டத்திலும் துறைமுகத்திலும் வேலைக்கு வந்த தமிழர்கள் சாதியாகவும் மதமாகவும் சிதறித் தனித்தனி விழா எடுத்துக்கொண்டிருந்தபோது, பொங்கலை ஒட்டி எல்லோருக்கும் பொதுவான ஒரு விழாவை அவர் உருவாக்கினார். ‘தமிழ் பார்ட்டி’ என்றால் தமிழர் எல்லோருக்கும் என்று பொருள்படச் செய்த முயற்சி அது. இன்றைக்கு மென்பொருள் பொறியாளர்களின் சங்கங்கள் நடத்தும் பொங்கல் விழாக்களில் பொதுக் கூடத்தில் ஒரு பொங்கல், பிறகு ‘நம்ம ஃபேமிலி’ வீட்டில் இன்னொரு பொங்கல் என்று பிரிந்துகிடப்பதைப் பார்த்தால், எழுபது ஆண்டுக்கு முன்னால் மூட்டை தூக்கியவர்கள் நம்மைவிட முன்னே போயிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருந்த நகரத்தில் ஏப்ரல் 14ஐ ஒரு சமூகக் கூடத்தில் கொண்டாடினோம். மராத்தியர்கள், பஞ்சாபிகள், நான்கைந்து தமிழ்க் குடும்பங்கள். நாமக்கல் செவிலியர் குலாப் ஜாமூன் செய்து கொண்டுவந்தார். நீலப் பலூன், கேக், பாட்டு. பிள்ளைகள் கேக்கைப் பார்த்ததும் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்கள், அந்தக் கேள்வியிலிருந்து பேச ஆரம்பித்தோம். ரயிலில் போன பிள்ளைகளின் கதையைச் சொன்னோம். ஐந்து வயதுக்கு அகமணம் புரியாது, ‘இது நியாயமில்லை’ என்பது நன்றாகப் புரியும். வண்டிக்காரர் ஏன் ஏற்றவில்லை என்று ஒரு பையன் விடாமல் கேட்டான். சில பேர் தங்களைப் பெரியவர்கள் என்று நினைத்துக்கொண்டு மற்றவர்களைத் தொடமாட்டார்கள், சேர்ந்து சாப்பிடமாட்டார்கள், அது தப்பு, அம்பேத்கர் அதை எதிர்த்துச் சண்டை போட்டார் என்று அவனுடைய அம்மா சொன்னார். இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. மகளுக்கும் அன்று வீட்டுக்கு வந்தபின் ஞாயிற்றுக்கிழமை விழாவைப் பற்றிச் சொல்ல எங்களுக்கு வார்த்தை கிடைத்தது.

இதைப் படிக்கும் தோழர்களில் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருப்பவர்களும், போக ஆயத்தமாகிறவர்களும் இருப்பீர்கள். ஆதிக்கச் சாதியில் பிறந்து, சாதி ஒழிய வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவர்களும் இருப்பீர்கள். உங்களிடம்தான் குறிப்பாகக் கேட்கிறேன். உங்கள் பிள்ளையின் கடைசிப் பிறந்தநாள் படத்தை எடுத்துப் பாருங்கள். கேக்குக்குப் பின்னால் நிற்கும் தமிழர்களை எண்ணுங்கள். அதில் உங்கள் சாதிக்கு வெளியே எத்தனை பேர்? அவர்களில் எத்தனை வீடுகளில் உங்கள் பிள்ளை ஒரு வேளையாவது சாப்பிட்டிருக்கிறது? அடுத்த விடுமுறையில் ஊருக்கு வரும்போது, கோயில், தோப்பு, பெரியப்பா வீடு எல்லாம் காட்டிய பிறகு, தெரு முடிந்து ரோடு திரும்புகிற இடத்துக்கு அப்பாலும் பிள்ளையை அழைத்துப் போங்கள். அங்கே உங்களோடு பள்ளியில் படித்தவர்கள் இருப்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிடாமல் ‘பெரியப்பா’ என்று கூப்பிடச் சொல்லுங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், தண்ணீர் கொடுத்தால் முதலில் நீங்கள் குடித்துவிட்டுப் பிள்ளைக்கும் கொடுங்கள்.